பெரிய தண்ணிக்குப் போகும் வழி

உல்பிகே கல்யாணமாகி அக்தாவ் நகரத்துக்கு வந்து இறங்கிய அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். அன்றைக்கே அந்தச் சொல் அவள் வாயை விட்டுப் போயிற்று. மாமனார் பெயர் தெங்கிஸ்பாய். தெங்கிஸ் என்றால் கடல். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. மற்ற வீட்டு மருமகள்கள் ஆட்டையோ இரும்பையோ வியாழக்கிழமையையோ பறிகொடுத்துவிட்டு அதற்கு வேறொரு பெயர் வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். இவளுக்குப் போனது கடல். அதுவும் சமையலறை ஜன்னலைத் திறந்தாலே கடல் தெரிகிற வீட்டில்.

முதல் வாரமே அவள் அதற்குப் ‘பெரிய தண்ணி’ என்று பெயர் வைத்தாள். மாமனாருக்கு அது பிடித்துப்போயிற்று. “பரவால்லையே, என்னை வத்தவிடாம வெச்சிருக்கா” என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து கடலும் பெரிய தண்ணி, மாமனாரும் பெரிய தண்ணி. இரண்டில் எது என்பது பேச்சின் போக்கில் வீட்டாருக்குப் புரிந்துவிடும்.

மாமனார் போன பிறகும் நாக்கு மாறவில்லை. உல்பிகே சமையல் வேலை பார்க்கிற பாலர் பள்ளியில் பிள்ளைகள் கடல் பாட்டுப் பாடும்போது அவளும் கரண்டியோடு வந்து நின்று சேர்ந்து பாடுவாள். அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். பிள்ளைகள் அவளுக்கும் சேர்த்து அதைக் கத்துவார்கள். மகனுக்குத் தெங்கிஸ் எண்ணெய் வயலில் வேலை. எங்கே இருக்கிறான் என்று யாராவது கேட்டால், “எண்ணெயில இருக்கான்” என்பாள், வடை சுடுகிற மாதிரி. இப்போது வரும் மருமகள்கள் மாமனார் பெயரைக் கைபேசியில் பதிந்து வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். உல்பிகே அதைத் தப்பென்று நினைத்ததில்லை. தன்னால் முடியாது, அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் அவளுடைய அக்கா தோர்கின் தராஸிலிருந்து ரயிலேறி வந்தாள். இத்தனை வருஷத்தில் தங்கைதான் அங்கே போய் வந்திருக்கிறாள், அக்கா இங்கே வந்ததே இல்லை. நாலாம் நாள் திரும்பும் ரயில். தோர்கின் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் மலையும் பீட்ரூட் வயலும்தான்.

உல்பிகே வெகுநாளாக மனதில் போட்டு வைத்திருந்த பயணம் ஒன்று உண்டு. வடக்கே கரையோரமாகப் போய், வெள்ளைப் பாறைகளுக்கு அடியில் இருக்கிற குடாவில் இறங்கி, அங்கே ஒரு பகலும் இரவும் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் ஊர் கிடையாது, கடை கிடையாது, கைபேசியும் பேசாது. கணவர் சகினுக்குத் தோளில் அறுவை நடந்த பிறகு வீட்டு நிவா காரை ஓட்டுவது அவள்தான். ஐம்பதை நெருங்கும்போது லைசென்ஸ் வாங்கியவள். சந்தைக்கும் பள்ளிக்கும் ஓட்டியது போதும், அக்காவை அந்தக் குடாவுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் ஆசை.

அதற்கு ஒரு சாவி வேண்டியிருந்தது. குடாவுக்கு மேலே, மாமனார் வெட்டிய கிணற்றுக்குப் பக்கத்தில், மந்தைக்காரர்கள் குளிர்காலத்தில் தங்குகிற கல் வீடு ஒன்று இருக்கிறது. அதன் சாவி சகினின் அண்ணன் எசன்கெல்தியிடம். மெத்தை, அடுப்பு, விறகு எல்லாம் அந்த வீட்டுக்குள். சாவி இல்லாவிட்டால் ராத்திரிக் காற்றில் நிவாவுக்குள் விறைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

மத்தியானத் தேநீர் வேளையில் உல்பிகே மேசை விரிப்பின் மேலேயே வழியைப் பரப்பினாள். சர்க்கரைக் கிண்ணம் அக்தாவ். ஜாம் புட்டி, தார் ரோடு முடிகிற இடத்து ஒட்டகத் தொட்டி. வரிசையாக வைத்த பவுர்சாக் என்கிற பொரித்த மாவு உருண்டைகள் வெள்ளைப் பாறைகள். தனியாக ஒரு உருண்டை, பழைய கல்லறை.

“அப்புறம்?” என்றாள் தோர்கின்.

“கல்லறையத் தாண்டினா பாதை ரெண்டாப் பிரியும். அங்க…” என்று கையை நீட்டியவள் நிறுத்தினாள். “கல்லறை எங்க போச்சு?”

சகின் மென்றுகொண்டிருந்தார். “சூடா இருந்துச்சு.”

“கல்லறையைத் தின்ன மனுஷன் உலகத்துல நீங்க ஒருத்தர்தான்.”

“வேணும்னா பாறையில ஒண்ண எடுத்து வை. பாறைக்கா பஞ்சம்?”

அப்போதுதான் எசன்கெல்தி வந்தார். கூட்டுப் பண்ணையில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்தக் கரையில் அவர் சக்கரம் படாத இடம் இல்லை. தொப்பியைக் கழற்றாமல் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். அவர் பெயரையும் உல்பிகே சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே ‘மிர்சா அகா’ என்பாள், சீமான் அண்ணா என்கிற மாதிரி. அக்காவோடு போனில் பேசும்போது மட்டும் வேறு பெயர்.

தோர்கின் எழுந்து வணக்கம் சொன்னாள். “நீங்கதானா அந்த ஹேண்ட்…” என்று ஆரம்பித்தவளின் காலை மேசைக்கடியில் தங்கை மிதித்தாள். “…அந்த ஹேண்ட்சமான அண்ணன்.”

எசன்கெல்திக்கு அது கேட்டதோ இல்லையோ, முகம் அசையவில்லை. விஷயத்தைச் சகின் சொன்னார். எசன்கெல்தி தேநீரை உறிஞ்சிவிட்டுத் தம்பியைப் பார்த்தே பேசினார். தம்பி பெண்டாட்டியை நேராகக் கடிந்து பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அறைக்குள் அவள் இருக்கும்போதே, இல்லாதவள் மாதிரி பேசுவார்.

“உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். காலையில கெளம்பினா சாயங்காலம் திரும்பிடலாம். விருந்தாளியும் பாத்த மாதிரி ஆச்சு.”

உல்பிகே மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவர் ஓட்டினால் அது அவர் பயணம். அவர் நிறுத்துகிற இடத்தில் இறங்கி, அவர் ஏறு என்றால் ஏறி, நடுவில் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். அக்கா கடலைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ரயிலேறிப் போவாள்.

“அவளே ஓட்டுவா அண்ணே,” என்றார் சகின். “நல்லாத்தான் ஓட்டுறா.”

“ஓட்டறதப் பத்தி யாரு பேசினா? வழி தெரியணும்ல. போன வருஷம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?”

யாரும் மறக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் தெங்கிஸ்பாய்க்கு அவர் வெட்டிய கிணற்றடியில் நினைவு விருந்து நடந்தது. நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். குதிரை இறைச்சியும் கொப்பரைகளும் ஏற்றிக்கொண்டு வந்த கமாஸ் லாரி ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்குப் புதியவன். கிளம்புமுன் உல்பிகேயிடம் போனில் வழி கேட்டிருந்தான், அவளும் சொல்லியிருந்தாள். அவன் நேராகக் கொண்டுபோய்க் கரையோரத்து உப்புச் சேற்றில் வண்டியை இறக்கினான். டிராக்டர் வந்து இழுத்து, இறைச்சி வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை சம்பந்திகள் முதல் பெரியவர்கள் வரை வெறும் தேநீரும் பவுர்சாக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். விருந்துக்குப் பொறுப்பு எசன்கெல்தி. அன்றைக்குப் போன முகம் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. உல்பிகேயை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வழி என்ற பேச்சு வந்தாலே, “அது தெரிஞ்சவங்களக் கேளு” என்பார்.

தான் சரியாகத்தான் சொன்னோம், அந்த ஓட்டுநர்தான் மடையன் என்பது உல்பிகேயின் கட்சி. ஆனால் நூறு பேர் பட்டினி கிடந்த இடத்தில் இதை எங்கே போய்ச் சொல்வது?

எசன்கெல்தியின் கிண்ணத்தை வாங்கி மறுபடி ஊற்றினாள். பெரியவர்களுக்குப் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். தேநீர் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. சகின் லேசாக இருமினார். அவள் கையை நிறுத்தினாள்.

“சரி,” என்றார் எசன்கெல்தி, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. “வழியச் சொல்லச் சொல்லு, கேப்போம்.”

உல்பிகே நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தார் ரோடு முடியுற எடத்துல ஒட்டகத் தொட்டி. அங்கேர்ந்து வெள்ளைப் பாறைய இடது கையில விட்டுடாம வெச்சுக்கிட்டே போகணும். ரெண்டு ஓடை குறுக்க வரும், ரெண்டும் இப்ப காஞ்சிருக்கும். அப்புறம் கல்லறை. அதுக்கப்புறம் பாதை பிரியுது.”

“ம். பிரிஞ்சா?”

“பிரியுற எடத்துல பெரிய தண்ணிக்குப் போற பாதையப் புடிக்கணும்.”

“அப்ப கடல் பக்கம்,” என்றாள் தோர்கின், பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து இடப்பக்கமாக இழுத்தபடி. “இடது கை.”

“இல்லக்கா. வலது கை. இடது கையில போனா உப்புச் சேறுல்ல.”

“நீதானடி பெரிய தண்ணின்னு சொன்ன?”

“ஆமா, பெரிய தண்ணிதான்.”

“வந்ததுலேர்ந்து ஜன்னலக் காட்டி ‘பெரிய தண்ணி, பெரிய தண்ணி’ன்னு நீதான சொல்லிட்டிருக்க? அது இடது கையில இருக்கு. நீ வலது கைன்னா?”

“அது இந்தப் பெரிய தண்ணி,” என்று ஜன்னலைக் காட்டினாள் உல்பிகே. “நான் சொல்றது அந்தப் பெரிய தண்ணி.” சுவரில் மாமனார் படம் தொங்கியது, தொப்பியும் மீசையுமாக. “அவரோட கிணத்துக்குப் போற…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் தேய்ந்தது. விரலை எடுக்காமல் அப்படியே தோர்கின் தங்கையைப் பார்த்தாள். சகின் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

எசன்கெல்தி கிண்ணத்தைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கமான அந்த வீட்டில், முதல்முறையாக அவர் நேராக உல்பிகேயைப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா. அந்த கமாஸ்காரன்கிட்டயும் இதையேதான் சொன்னியா?”

“இதேதான், மிர்சா அகா. பெரிய தண்ணிக்குப் போற பாதைன்னு சொன்னேன். ‘பெரிய தண்ணிக்கா?’ன்னு அவன் ரெண்டு தடவ கேட்டான். ஆமா ஆமான்னேன்.”

எசன்கெல்தியின் தோள் குலுங்கத் தொடங்கியது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தார்.

“எங்கப்பா உசுரோட இருந்தப்பவும் யாரையும் நேரத்துக்குச் சாப்பிட விட்டதில்ல,” என்றார் சுவரைப் பார்த்து. “செத்தும் தன் விருந்தத் தானே சேத்துல எறக்கிட்டாரு.”

“அப்ப அந்த வண்டிக்காரன் மடையன் இல்ல,” என்றாள் உல்பிகே மெதுவாக. ஒரு குளிர்காலம் முழுக்க அவனைத் திட்டியிருந்தாள். அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு அவ்வளவு உவப்பாக இல்லை.

“பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றார் சகின். “அப்பா ஒண்ணும் நெனச்சுக்கமாட்டாரு.”

“நீங்க சொல்லுவீங்க. என் வாய்ல வரணுமே.”

“வர வேணாம், விடு,” என்றார் எசன்கெல்தி. ஆனால் சாவியை எடுக்கவில்லை. “வழி தெரியுது. மணல்ல எறங்கும்போது டயருக்கு என்ன பண்ணுவ?”

“காத்தக் கொஞ்சம் எறக்கிடுவேன். கெட்டித் தரைக்கு வந்ததும் அடிச்சுக்குவேன். பம்பு இருக்கு.”

“சேத்துல மாட்டிக்கிட்டா?”

“மாட்டுற பக்கம் போனாத்தான மாட்டும், மிர்சா அகா. நான்தான் வலது கையில போறேனே.”

தோர்கின் தலையைக் குனிந்துகொண்டாள். எசன்கெல்தி சட்டைப் பைக்குள் கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினார். சாவி வெளியே வந்தபோது அதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதைப் பவுர்சாக் பாறைகளுக்கு மேலே, குடா இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்.

“ஒரு வேல இருக்கு,” என்றார். “பலகை ஒண்ணு எழுதித் தரேன். பாதை பிரியுற எடத்துல நட்டுட்டுப் போ. நல்லா ஆழமாத் தோண்டு, அந்தக் காத்துக்கு எதுவும் நிக்காது. அது நின்னுட்டா அப்புறம் உனக்குக் கஷ்டமில்ல. எவன் வழி கேட்டாலும் பலகையப் பாத்துப் போன்னா போதும்.”

வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் தோர்கினைப் பார்த்துச் சொன்னார். “நிவாவுல ஹேண்ட் பிரேக் சரியாப் புடிக்குதான்னு தங்கச்சியப் பாக்கச் சொல்லும்மா. எறக்கத்துல அதுதான் காப்பாத்தும். சும்மா ஆளுக்குப் பேரா வெச்சுச் சொல்லிட்டுத் திரிய மட்டுமில்ல.”

கதவு சாத்தியதும் இரண்டு பெண்களும் சகினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் சொல்லல,” என்றார் சகின், பாறைகளில் இன்னொன்றை எடுத்தபடி.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பின்சீட்டில் தண்ணீர் கேன்கள், தெர்மாஸ், வேக வைத்த ஆட்டிறைச்சி, குருத் என்கிற காய்ந்த தயிர்க்கட்டி, மண்வெட்டி, கயிறு. சகின் வரவில்லை. தோளைக் காரணம் காட்டினார், ஆனால் அக்கா தங்கைக்குப் பேச எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதில் பாதி தன்னைப் பற்றியது என்பதும் தெரியும். பலகையை எசன்கெல்தி ராத்திரியே கொடுத்தனுப்பியிருந்தார். நீலப் பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயாததால் கூரைமேல் எழுத்து வானத்தைப் பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார்கள்.

ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தினாள். பம்பில் நின்ற இளைஞன் கால்விரலில் எக்கி நின்று கூரையைப் படித்தான். “தெங்கிஸ்பாய் கிணறு. யாரு அக்கா அது, தெங்கிஸ்பாய்?”

“எங்க வீட்டுப் பெரியவரு.”

“எங்க கெளம்பிட்டீங்க, மண்வெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு?”

“பெரிய தண்ணிக்கு.”

அவன் புரியாமல் பார்த்தான். மேற்கே கையைக் காட்டினான். “கடலுக்கா?” பிறகு கூரையைப் பார்த்தான். “இல்ல, இந்தக் கிணத்துக்கா?”

உல்பிகே சாவியைத் திருகினாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். அது நன்றாகத்தான் பிடித்திருந்தது.

“ரெண்டுக்கும்தான்ப்பா,” என்றாள்.