மகனைப் பிடித்துக் கொடுத்த இன்ஸ்பெக்டர்

என் மாமனார் சிட்னியில் வந்து இறங்கியபோது அவருடைய கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. வெள்ளிச் சங்கிலியில் கோத்த, இங்கிலாந்தில் செய்த பொலிஸ் விசில். கோட்டு, கழுத்துப்பட்டி, மேலே மஃப்ளர், அதற்கும் மேலே விசில். சுங்க அதிகாரி அது என்னவென்று கேட்டிருக்கிறார். வாயால் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். மாமா ஊதிக் காட்டினார். வரிசையில் நின்ற சனம் முழுவதும் அசையாமல் நின்றதாம். "பார்த்தியே பிள்ளை, சத்தம் ஒண்டு போதும். துவக்கு என்னத்துக்கு?" என்று டாக்சியில் வரும்போது என்னிடம் கேட்டார். அந்த அமளியில் கூட வந்த மாமியின் வெற்றிலைப் பெட்டியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஹோம்புஷில் ரயில் பாதைக்குப் பக்கத்திலே ஒரு சிவப்புச் செங்கல் பிளாட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். தமிழ் முகம் ஒன்றைக் காண்பதென்றால் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் போய் நின்று அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டிய காலம். மாமா இலங்கைப் பொலிசில் இன்ஸ்பெக்டராக இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளைக்காரத் துரைமாரிடம் தொழில் பழகியவர். உலகத்தில் பொலிஸ் என்றால் அது இங்கிலாந்துப் பொலிஸ்தான், மற்றதெல்லாம் காக்கி உடுத்த சண்டியர்கள் என்பது அவருடைய சித்தாந்தம். துவக்கில்லாமல் தெருவில் நடக்கிறவன், சனம் தன்னை நம்புகிற தைரியத்தில் நடக்கிறானாம். இடுப்பில் பிஸ்டலோடு திரிந்த சிட்னிக் கான்ஸ்டபிள்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "சந்தேகம் பொலிசுக்காரனுக்குச் சம்பளம், மற்றவனுக்கு வருத்தம்" என்பார். பென்சன் எடுத்த பிறகும் சம்பளம் இல்லாமலே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். காலையும் மாலையும் உலாவப் போகிறேன் என்று புறப்பட்டு, கடைக் கதவுகளின் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் இறைச்சிக் கடைக்காரன் கத்தியோடு வெளியே ஓடி வந்தான். கள்ளனென்று நினைத்துவிட்டானாம்!

எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துச் சார்ஜன்ட் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே சேர்ந்தவர் என்று தெரிந்ததும் மாமாவுக்குக் கோயில் கண்ட மாதிரி. வாரத்தில் இரண்டு முறையாவது அங்கே போய் நலம் விசாரித்து வருவார். அந்த மனிதரும் பாவம், பொறுமைசாலி. கதிரை போட்டு இருத்திக் கதைப்பார்.

இந்த நேரத்தில்தான் இவர், என் கணவர், ஒரு பழைய பச்சைக் கார் வாங்கினார். முன்பக்கத்தில் ஒரு நெளிவு. அது காரோடு வந்த நெளிவு. புதிதாகக் கிடைத்த எஞ்சினியர் வேலைக்கு பிளாக்டவுன் பக்கமெல்லாம் கட்டட வேலை பார்க்க ஓட வேண்டும். லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் நிரந்தரமாகத் தங்க நாங்கள் கேட்டிருந்த அனுமதியும் இல்லை. எங்கள் முழுச் சீவியமும் அந்த நாலு சில்லின் மேல்தான் நின்றது. மாமிக்கு அது விளங்கியது. ஆலாத்தி சுற்றித் திருஷ்டி கழிக்காமல் கார் தெருவில் இறங்கக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். "வெள்ளைக்காரன்ரை ஊரிலை சாணி மஞ்சள் கூத்தெல்லாம் வேண்டாம்" என்று மாமா தடை உத்தரவு போட்டுவிட்டார். சாணியைப் பற்றி யாருமே பேசவில்லை, அது வேறு.

மாமி கள்ளி. வெள்ளிக்கிழமை காலை மாமா பூட்டு ஆட்டப் போன நேரம் பார்த்து, மஞ்சளைக் கரைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைச் சேர்த்து, தாம்பாளத்தில் சிவக்கச் சிவக்க ஆலாத்தி கலந்தார். நானும் தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்தேன். மூன்று முறை சுற்றி, பம்பரிலே ஒரு பெரிய பொட்டும் வைத்து, மிச்சத்தை முன் சில்லில் ஊற்றினோம். இவர் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். மாமா வருவதற்குள் தரையைக் கழுவிவிட வேண்டுமென்று மாமி வாளியும் தும்புத்தடியுமாக இறங்கினார். பாதி கழுவும்போதே மாமா வந்துவிட்டார். "என்ன சிவப்பு?" "ஒண்டுமில்லை, சும்மா ஊத்தை." மாமியின் முகம் அப்போது கொலைகாரியின் முகம் மாதிரித்தான் இருந்தது, நானே பார்த்தேன்.

அன்று மாலை பேப்பர்க் கடையில் மாமா ஒரு செய்தி கேள்விப்பட்டிருக்கிறார். காலையில் பரமட்டா வீதியில் சைக்கிளில் போன தபால்காரரை ஒரு பச்சைக் கார் இடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டதாம், ஆளுக்குக் கால் முறிவாம். வீட்டுக்கு வந்தவர் நேரே காரிடம் போனார். முன்பக்கம் நெளிவு, அது பழசென்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பம்பரில் காய்ந்த சிவப்பு. சில்லுக்கு உள்ளேயும் சிவப்பு. காலையில் மனைவி தரை கழுவியதும் ஞாபகம் வந்திருக்கும். இரவுச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். வாய்வாக்கும் என்று மாமி இஞ்சி தட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் போனவர், பொலிஸ் காரின் முன் ஆசனத்தில் இருந்துகொண்டு திரும்பி வந்தார். பின்னால் சார்ஜன்ட். ஓட்டி வந்தவர் இந்த ஊர்த் துப்பறிவாளர் ஒருவர். என் கணவர் சாரம் உடுத்தபடி, முகத்தில் பாதி சவர்க்கார நுரையோடு வாசலில் நின்றார். மாமா இறங்கிக் கை நீட்டினார். "அதுதான் வாகனம். இதுதான் சாரதி." சாரதி! பெற்ற மகன்! எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த அகப்பையால் ஒன்று போட்டிருப்பேன். மாமனார் என்றபடியால் தப்பினார்.

துப்பறிவாளருக்கு அவசரம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்தான் இடித்தேன், பயத்தில் ஓடிவிட்டேன் என்று இவர் சொன்னதாக எல்லாம் அதில் தயார். கையெழுத்து ஒன்றுதான் குறை. அந்த நாட்களில் இந்த ஊரில் அப்படி நடப்பதுண்டென்று பலரும் பேசிக்கொள்வார்கள். இவரோ தான் ஒரு பூனையைக்கூட இடிக்கவில்லை என்று நுரை தெறிக்கக் கத்திக்கொண்டிருந்தார். திடீரென்று மாமா இரண்டு பேருக்கும் நடுவே போய் நின்றார். "ஆள் இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குமூலம் எப்படி முதலே பிறந்தது?" என்று ஆங்கிலத்தில் அதட்டினார். "பேசத் தேவையில்லை என்று முதலில் அவனுக்குச் சொல்ல வேண்டும். பிறகுதான் கேள்வி. சார்ஜன்ட், உங்கள் ஊரில் இப்படியா?" சார்ஜன்ட் முகம் சிவந்து, தாளை வாங்கித் தன் பைக்குள் வைத்தார். மகனைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான், மகனுக்காக வழக்காடுகிறவரும் அவர்தான். எங்களுக்குத் தலை சுற்றியது.

அந்த நேரம் பார்த்து மாமி குசினியிலிருந்து ஓடி வந்தார். பிளாட்டின் பொதுத் தரையில் ஆலாத்தி ஊற்றியது அவுஸ்திரேலியாவில் பெரிய குற்றம், அதற்குத்தான் பொலிஸ் வந்திருக்கிறது என்பது அவருடைய எண்ணம். "ஐயோ, அவனை விடச் சொல்லுங்கோ! அவனுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் செய்தனான். பிள்ளையும் கூட நிண்டவள்!" என்று அழுதார். மாமாவின் முகம் வெளிறிப் போனது. ஆனாலும் கடமை கடமைதானே. சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் மாதிரி நிமிர்ந்து நின்று, "என் மனைவி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். மருமகளும் உடந்தை" என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

"அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று சார்ஜன்ட் கேட்டார். மாமிக்குத் தையல் மெஷினே ஓட்டத் தெரியாது. அப்படியென்றால் என்னதான் செய்தார் என்று கேட்கத்தான் கதை வெளியே வந்தது. நான் ஊரில் இரசாயனம் படிப்பித்தவள். மாமியை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போய், மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வந்து அவர்கள் கண் முன்னே கலக்க வைத்தேன். மஞ்சள் தண்ணீர் இரத்தச் சிவப்பானதும் துப்பறிவாளர் ஓரடி பின்வாங்கினார். பிறகு ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, வெட்டி பம்பரில் பிழிந்தேன். காய்ந்த சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளானது. இரத்தம் எந்த ஊரிலும் மஞ்சளாகாது. சார்ஜன்ட் குந்தியிருந்து சில்லுக்கு உள்ளேயும் தானே பிழிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் மாமி பொரித்துக் கொடுத்த ரோல்ஸ் பலகாரம் ஒரு தட்டு முடியும்வரை நிறுத்தவில்லை. உண்மையான பச்சைக் காரை அடுத்த வாரமே பிடித்துவிட்டார்கள்.

லண்டனில் இருக்கும் என் மகள் போனில் அந்த ஊர்ப் பொலிசைப் பற்றி இப்போது சொல்வதெல்லாம் வேறு கதை. பொலிசுக்காரன் நெஞ்சில் கமெரா கட்டிக்கொண்டு திரிகிறானாம், சனத்துக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறதாம், பழைய வழக்குகளைக் கிண்டினால் கையெழுத்துப் போட்டவன் எல்லாம் குற்றவாளி இல்லையாம். மாமா கேட்டிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். அவர் கும்பிட்ட இங்கிலாந்து எவ்வளவு தூரம் நிசமோ, எனக்குத் தெரியாது. ஆனால் சொந்த மகனென்றாலும் எழுதி வைத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்று ஒரு மனிதர் எங்கள் வாசலில் நின்றாரே, அது நிசம். நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அன்றைக்கு அப்படி இல்லை. இவர் தகப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே வானொலியில் செய்தி, வாய் மட்டும் இல்லை. மாமா உலாவப் போவதையும் விட்டுவிட்டார். தெருக் கடைப் பூட்டெல்லாம் தேடுவாரில்லாமல் கிடந்தது. மகனுடைய வாழ்க்கையை ஒரு காலைப்பொழுதில் தொலைத்திருப்பேன் என்று மாமியிடம் சொல்லி அழுதாராம். எனக்கு அதற்குப் பிறகு கோபம் ஆறிவிட்டது, இவருக்கு ஆறவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனப்பா, என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

மாமா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "கேட்டிருந்தா நீ இல்லையெண்டு சொல்லியிருப்பாய்."

"ஓம். நான் செய்யேல்லைத்தானே!"

"அதுதான்ரா. நீ இல்லையெண்டு சொன்னா நான் நம்பிப்போடுவன். பிறகு அந்தத் தபால்காரனுக்கு ஆர் இருக்கினம்?"

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். இவர் சொதிக் கரண்டியை எடுத்து, முதலில் தகப்பனுடைய தட்டில் ஊற்றினார்.

"சரி, இனியெண்டாலும் நம்புவியளோ?"

"இனி நம்பலாம்" என்றார் மாமா. "நான் பென்சன்காரன்தானே."