முப்பத்தோராம் தேதி அதிகாரம்

இன்று முப்பத்தோராம் தேதி. நான் கண் விழிக்கும் முன்னே அப்பா வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார். தினமும் வேதாகமத்தின் நீதிமொழிகளில் ஓர் அதிகாரம், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரல் பதிவாக. உண்மையைச் சொன்னால், பல நாட்கள் கேட்காமலே கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டுத் தேங்காய் திருவப் போய்விடுவேன். நீங்களும் அப்படித்தான், மறைக்க வேண்டாம். இன்று நின்று கேட்டேன். அடுப்பில் ரொட்டி கருகிவிட்டது.

கருகிய ரொட்டி வாசனைக்கும் வேதத்துக்கும் எங்கள் வீட்டில் பழைய உறவு. இலங்கை மலையகத்தில், ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், காலை வாசிப்பு அடுப்படியில்தான் நடக்கும். அப்பா ஆமென் சொல்வதற்குள் அம்மாவின் இரண்டாவது ரொட்டி கரியாகிவிடும். முடிந்ததும், இன்றைக்கு இதன்படி எப்படி நடக்கப் போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் மாதம் முழுக்கப் "பொய் சொல்ல மாட்டேன்" என்றே சொல்லிவந்தேன். அதுவே பொய்.

நீதிமொழிகளில் மொத்தம் முப்பத்தோர் அதிகாரம், தேதிக்கு ஒன்று. கடைசியில் வருகிறவள் குணசாலியான பெண். இருட்டோடே எழுவாள், நூல் நூற்பாள், ஓயவே மாட்டாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒருமுறை அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்ப்பார். நாலு மணிக்கே எழுந்து, வீங்கிய முழங்காலோடு, மலையூற்று கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்துப் படியேறி, சமைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடுகிறவளை! அம்மாவுக்குப் பிடித்த மாதம் பெப்ரவரி.

ஒரு முப்பத்தோராம் தேதி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்னை வாசிக்கச் சொன்னார். அவர் எப்போதும் ஒரு வரியைத் தாண்டிப் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணின் கணவன் ஊர்ப் பெரியவர்களோடு கௌரவமாக உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டேன். எழுத்துத் தெரியாத அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"நில்லு. அத மறுபடி படி."

படித்தேன்.

"இத்தன வருசமா இது வரலியே?" என்று அப்பாவைப் பார்த்தாள். "இவ இம்புட்டும் செய்யுறப்ப அந்தாளு ஒக்காந்துக்கிட்டா இருந்தாரு? தண்ணி யாரு புடிச்சா?"

அப்பா வேதத்தை என் கையிலிருந்து வாங்கி விரலால் தேடினார். "அது... அதுல எழுதல."

"எழுதாட்டி என்னா? இன்னைக்கி எப்புடி நடக்கப் போறீங்க, அதச் சொல்லுங்க."

மறுநாள் அப்பா குடத்தோடு பீலிக்குப் போனார். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். ஜெபம் இல்லை என்பது நிச்சயம். ஆனால் போனார், அம்மா கண்மூடும்வரை தினமும். நான் கண்ணால் கண்ட ஒரே அற்புதம் அதுதான்.

இப்போது அப்பா அந்த வரியைத் தாண்டுவதில்லை. இன்றைய பதிவில் அதை வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். மடக்கிக் கேட்கத்தான் அம்மா இல்லை. அம்மா கேட்டதையே தட்டி அனுப்பினேன்: "தண்ணி யாரு புடிச்சா?"

கொஞ்சம் கழித்து அப்பாவின் குரல் வந்தது.

"இப்ப பைப்பு வீட்டுக்குள்ளயே வந்திருச்சு, புள்ள. தெறந்தா ஊத்துது. நான் இன்னமும் ரெண்டு கொடம் புடிச்சு வச்சிட்டுத்தான் ஒக்காருறேன்."