எட்டுச் சேலைக்கு ஒரு நிலம்

எங்கள் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் பட்டப்பெயர்களுக்குக் குறைவே இல்லை. கஞ்சன், கருமி, எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. வைத்தவர்களுக்கும் செலவில்லை, கேட்டுக்கொண்ட எனக்கும் செலவில்லை.

மலாயாவில், பீடோங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. நானும் என் மனைவியும் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. கள்ளுக்கடைப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. மீன் வாங்கப் போனால், மீன்காரர் கூடையைக் கழுவும் நேரம் பார்த்துப் போவேன். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை மற்றவர்கள் அப்படியே விட்டுவிட்டு நகர்வார்கள். நாங்கள் நின்று உரித்து எடைக்குப் போடுவோம். சம்பளத்தில் பாதியைத் தொடமாட்டோம். அந்தப் பாதி என்றைக்காவது ஒரு துண்டு நிலமாக வேண்டும், எங்கள் இருவருக்கும் அந்த ஒரே எண்ணம்தான். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். துரைக்குக் கோபம் வந்தால் அடுத்த நாள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அந்த நினைப்பு வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை காரில் ஏறித் தெற்கே ஓடிய அன்று, லயமே ஸ்டோருக்கு ஓடியது. அரிசி, சீனி, பால் டின் என்று தலையிலும் தோளிலும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் பீடோங்குக்கு ஓடினேன். அங்கே துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவரை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் அழைப்போம். கடையைக் கொள்ளையடித்துவிடுவார்கள் என்று பயந்து, வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். என் சேமிப்பு முழுவதையும் அவர் மேசையில் வைத்துச் சேலைகளாகவும் வெள்ளைத் துணியாகவும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அரிசியை எலி தின்னும், சீனி கசியும். கப்பல் வராத ஊரில் துணிதான் நாளாக ஆக விலை ஏறும் என்று எனக்குத் தோன்றியது. லயத்தில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் அடுத்த வீட்டுக்காரி. கைக்குழந்தையோடு ஊரிலிருந்து வந்தவள். இந்த நாட்டில் அவளுக்குப் புருஷனும் மகளும் தவிர நாதி கிடையாது. வாய் மட்டும் பெரிது. "என்னண்ணே, சண்ட வந்தா சேலையக் கட்டிக்கிட்டு ஓடப் போறீங்களா?" என்று வாசலில் நின்று சத்தமாகக் கேட்டாள். இருப்பதை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கிழங்குக்கு அலைகிறவள். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு வருஷத்தில் சிரிப்பு அடங்கியது. ரப்பரை வாங்க ஆளில்லை. பால்மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றோம். உடுத்தத் துணி இல்லாமல் மனிதர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். என் வெள்ளைத் துணியை முழம் முழமாகக் கிழித்து, யான் என்ற ஊர்ப் பக்கத்து வயல்காரர்களிடம் நெல்லுக்கு மாற்றினேன். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு எதுவும் என் வீட்டில் தங்கியதில்லை. காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் அது கோழியாகவோ உப்பாகவோ ஆணியாகவோ மாறிவிடும். சேலைகளை மட்டும் தொடவில்லை. வசம்பு போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்.

நான் காத்திருந்த சேதி நானாவிடமிருந்தே வந்தது. அவருக்குப் பீடோங்குக்கு வெளியே இரண்டு ஏக்கர் இருந்தது. பாதி பழைய ரப்பர், பாதி காடு, நடுவில் ஒரு கிணறு. அலோர் ஸ்டாரில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விடப் போகிறார். நோட்டு வேண்டாம், துணிதான் வேண்டும் என்றார். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இருந்தார்கள். என்னிடம் அன்றைக்குத் தள்ளிவிட்ட துணியை நினைத்து நினைத்து அவர் தூங்காமல் கிடந்திருக்க வேண்டும். எட்டுச் சேலை, என் மனைவியின் தோடு ஒரு ஜோடி என்று பேசி முடித்தோம். பெட்டியில் இருந்ததும் சரியாக எட்டுதான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் வராவிட்டால், அரிசி மூட்டையோடு கேட்கிற சீனருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

அந்த வாரம் அடுத்த வீட்டுக்காரி செத்துப்போனாள்.

அவள் புருஷனை அதற்கு முன்பே சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோயிருந்தார்கள். ஆள் எடுக்க வந்த அன்று நான் மலேரியாவில் கிடந்ததால் தப்பினேன். அதே காய்ச்சல் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவளை வாசலில் கிடத்தி, மஞ்சள் பூசி, பூ வைத்தார்கள். மேலே போர்த்தியிருந்தது இரண்டு சாக்கைப் பிரித்துத் தைத்தது. லயத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "புருஷன் உசுரோட இருக்கான்னுதானே நெனைக்கிறோம். சுமங்கலி. பொறந்த வீட்டுக் கோடி போடாம எப்படிலா தூக்குறது?"

செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தும் புதுச் சேலை அது. பிறந்த வீடோ கடலுக்கு அப்பால் இருந்தது. ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிரித்ததெல்லாம் இவர்கள், இப்போது பெட்டி மட்டும் என்னுடையதா? எட்டில் ஒன்று குறைந்தால் நிலம் போச்சு. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் என் மனைவி வீட்டுக்குள் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டாள். இருந்ததிலேயே நல்ல சேலையை, அரக்குச் சிவப்பில் அகலக் கரை போட்டதை, எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"நீயே போத்து" என்றேன்.

"நான் போட்டா கோடியாகாது. நீங்க போடுங்க."

சரி, ஒரு சேலை போயிற்று, அதோடு தொலைந்தது என்று நினைத்துக்கொண்டு போர்த்தினேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். கையை எடுக்கவில்லை, அதற்குள் பெரியவர் செத்தவளின் மகளை இழுத்துவந்து என் பக்கத்தில் நிறுத்தினார். "ஒன் மாமன்தான்மா. கையப் புடிச்சுக்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது இருக்கும். இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டுக் கோடி போட்டவன் அண்ணன். அண்ணன் என்றால் அவள் மகளுக்குத் தாய்மாமன். காது குத்து, சடங்கு, கல்யாணம் என்று எல்லாச் சீரும் அவன் தலையில். கணக்கில் புலி என்று நினைத்திருந்த எனக்கு இது அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவள் எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறாள். மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில், புழக்கத்தில் கிழியாமல் இருந்த ஒரே வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஏழு சேலையோடும் தோட்டோடும் பீடோங்குக்கு நடந்தேன். பெண் கையை விடாததால் அவளையும் கூட்டிப் போனேன். நானா எண்ணிப் பார்த்தார்.

"ஒண்ணு கொறையுதே தம்பி."

"தங்கச்சி செத்துப்போச்சு நானா. கோடி போட்டுட்டேன்."

"ஒனக்கு ஏது தங்கச்சி?"

"இந்த வாரந்தான் ஆச்சு."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். "அல்லா அந்தப் புள்ளைக்கு நல்லது செய்யட்டும்" என்றார். "ஆனா பேசுனது எட்டு. நானும் பொட்டப்புள்ளைகள வச்சிருக்கேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோயிலுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த வேட்டியைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். "வெள்ளத் துணி, எங்க வீட்டுல சாவு, மௌத்து விழுந்தாக்கூடத் தேவப்படும்" என்று அவர் தடவிப் பார்த்தார். "ஒரு வேட்டி ஒரு சேலைக்கு ஈடாகாதே" என்றார். நான் இடுப்பைத் தடவினேன். "ஒரு சாக்கு குடுங்க நானா" என்றேன்.

கடைக்குப் பின்னால் போய்ச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, கட்டியிருந்த வேட்டியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். சாக்குக்கு அவர் விலை கேட்கவில்லை, அது எனக்கு லாபம்.

அடுத்த வாரம் சுங்கை பட்டாணி நில ஆபீசில், அதே சாக்கோடும், கையை விடாத அந்தப் பெண்ணோடும் போய்க் கைநாட்டு வைத்தேன். பத்திரம் எழுதிய மலாய்க்கார கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். அந்த ஆபீசில் அன்றைக்குச் சட்டை போட்டிருந்த பலருக்கும் சொந்த நிலம் கிடையாது. யார் இந்தப் பெண் என்று கேட்டார். தங்கச்சி மகள் என்று மலாயில் சொன்னேன்.

சண்டை முடிந்தது. வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகச் சேர்த்தவர்கள் அதைக் கொண்டுபோய் அடுப்பு மூட்டினார்கள். என்னிடம் மரவள்ளிக் காடும் கிணறும் கோழிகளும் இருந்தன. பிறகு ரப்பர் விலை ஏறியது. பக்கத்து மூன்று ஏக்கரையும் வாங்கினேன். கஞ்சன் என்ற பெயர் அப்புறம் முதலாளி என்று ஆகிவிட்டது, ஆள் மாறவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா சயாமிலிருந்து திரும்பவே இல்லை. அவள் என் வீட்டில் வளர்ந்தாள், அம்மாவைப் போலவே வாயாடியாக. காது குத்தினேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன், சடங்கு செய்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமன் சீர் எங்கே என்று கேட்டபோது, தட்டுகளை ஏந்திய பெண்கள் வாசலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். எனக்கு இன்னும் நாலு தட்டு வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

செலவு செய்த அன்று எனக்குத் தூக்கம் வராது. ஒரு கட்டு கீரைக்கு ஒரு காசு கூடக் கொடுத்திருந்தாலும் புரண்டு புரண்டு படுப்பேன். அந்தக் கோடியைப் போர்த்திய அன்று மட்டும், அந்தப் பெண் என் கையைப் பிடித்தபடியே உறங்க, நானும் விடியும்வரை நன்றாகத் தூங்கினேன்.