பத்து வருஷம் தாங்கும் கம்ப்யூட்டர்

என் அத்தானைக் கடைத்தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'மூணு கேள்வி' என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்ப்யூட்டர் கடையில் விற்பனையாளர். முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது, கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிற கதவாக ஆனது. அத்தான் மட்டும் அதே மூலையில், அதே அரைக்கைச் சட்டையில், பாக்கெட்டில் குறிப்பெழுதுகிற ஒரு குட்டிச் சீட்டுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

வருகிறவர் எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் காட்டமாட்டார். முதலில் சீட்டு வெளியே வரும். "யாருக்கு? எங்க உக்காந்து வேலை பாப்பாங்க? எத்தனை வருஷத்துக்கு வேணும்?" மூன்றுக்கும் பதில் எழுதிக்கொண்ட பிறகுதான் டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா, எந்த மாதிரி, எந்த அளவு என்ற பேச்சே. மற்ற கடைக்காரர்கள் பெரியதை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இவர் சின்னதைக் கட்டப் பார்ப்பார். "உங்க அப்பா பேப்பர் படிக்கத்தானே போறாரு, அதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிசு?" என்று சொல்லி, வாங்கவே தயாராக வந்தவரைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர் மறுவாரம் அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

சாயங்காலம் பாக்கெட்டில் சேர்ந்த சீட்டுகளை அப்படியே கடையிலிருக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். மாதம் முடிந்தால் ரப்பர் பேண்ட். பழைய ஆள் திரும்பி வந்தால் மட்டும் அந்த மாதத்துக் கட்டைப் பிரித்துத் தேடுவார். "அஞ்சு வருஷம்னு சொன்னீங்க, ஏழு ஓடியிருக்கு. போதும், அதை விட்டுடுங்க, பாவம்" என்பார். கம்ப்யூட்டருக்குப் பாவம் பார்க்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் இருப்பார்.

நான் அவருடைய மனைவியின் தங்கை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களைப் பார்த்து "உக்காருங்க" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத்தானை எதிரில் வைத்துக்கொண்டே கிண்டல் செய்வேன். "என் அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் சீட்டு எடுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "எடுத்தேன். எத்தனை வருஷத்துக்குன்னுதான் கேக்கலை" என்றார் அப்போது. எல்லாரும் சிரித்தோம்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. நாற்பத்தைந்து வயதில் திடீரென்று, பாதியில் விட்ட படிப்பை முடிக்கப் போகிறேன் என்று தபால் வழியில் சேர்ந்தாள். எல்லாப் பரீட்சையும் தேறினாள். கடைசியாக ஓர் ஆய்வறிக்கை மட்டும் பாக்கி. சுற்றியிருந்த நாலு தெருவில் வேலைக்குப் போகிற நாற்பது பெண்களிடம் போய், காலையில் கண் விழித்ததிலிருந்து வேலை இடத்தில் போய் உட்காரும்வரை என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதினாள். மூன்று நோட்டுப் புத்தகம் நிறைந்தது. அதை எண்பது பக்கமாக டைப் செய்து ஐந்து மாதத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் பட்டம்.

அப்போதுதான் முதுகுவலி என்று ஆரம்பித்தது. டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். வலிக்குக் காரணம் முதுகெலும்பில் இல்லை, வேறெங்கோ தொடங்கி அதுவரைக்கும் பரவியிருந்தது. இனி வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, வலிக்கு மாத்திரை தருகிறேன், ஒரு வருஷம் இருக்கலாம் என்றார் டாக்டர். "உக்காந்தாத்தான் ரொம்ப வலிக்குது, படுத்தா தேவலை" என்றாள் அக்கா, என்னவோ செருப்பு கடிக்கிறது என்கிற மாதிரி.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவள் பேசிய முதல் விஷயம் கம்ப்யூட்டர். "ஒரு லேப்டாப் இருந்தா படுத்துக்கிட்டே அடிச்சு முடிச்சுடுவேன்டி."

"அத்தான்கிட்ட எப்படிச் சொல்லப் போறே?"

"வாயெடுத்து என்னால சொல்ல முடியாது. அவங்க அண்ணன் போனப்ப ரெண்டு மாசம் பேச்சே இல்லாம கிடந்தாரு, பாத்தேல்ல. ஆனா லேப்டாப் வேணும்னா அந்த மூணு கேள்வியும் கேப்பாருல்ல, கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன். அதுவரைக்கும் நீ வாயைத் தெறக்கக் கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"என்னங்க, எனக்கு ஒரு லேப்டாப் வேணும்" என்றாள்.

அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவரிடம் வீட்டு ஆள் கேட்பது இதுதான் முதல் தடவை. "லேப்டாப் எதுக்கு உனக்கு? அது வாடகை வீடு மாதிரி, ஒரு ஆணி அடிக்க முடியாது. ஒரு எழுத்து விழலைன்னா மொத்தக் கீபோர்டையும் கழட்டணும். ரெண்டு வருஷத்துல பேட்டரி உப்பிடும். டெஸ்க்டாப்புதான் சொந்த வீடு. எது போனாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். பெரிய திரை, கண்ணுக்கு நல்லது. நானே உனக்கு ஒண்ணு கோத்துத் தர்றேன்."

"கடைக்கு வர்றவங்களை மூணு கேள்வி கேப்பீங்கல்ல, என்னையும் கேளுங்களேன்."

அத்தான் சிரித்தார். "உன்னை என்னத்தைக் கேக்கிறது? இருபது வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். உனக்கு எது சரிப்படும்னு எனக்குத் தெரியாதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். ஊர் வம்புக்கெல்லாம் முந்திக்கொண்டு திறக்கிற என் வாய் அன்றைக்கென்று பார்த்து மூடிக்கொண்டது. சத்தியமாவது ஒன்றாவது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது. அவர் குளிக்கும்போது சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, மூன்றுக்கும் பதிலைத் தானே எழுதி, சட்டைப் பாக்கெட்டில் வைத்துவிட்டாளாம். யாருக்கு: எனக்குத்தான். எங்கே: படுத்துக்கொண்டுதான் முடியும், முதுகில் நோய். எத்தனை வருஷத்துக்கு: ஒரு வருஷம் போதும், டாக்டர் அவ்வளவுதான் சொன்னார். "மொத ஆளு வந்து சீட்டு எடுக்கிறப்பவே பாத்துடுவாரு. வீட்டுக்கு வந்தா அழுவாரு, நீ கொஞ்சம் வந்து இரு" என்றாள். நான் அரை நாள் லீவு போட்டுப் போனேன். அத்தான் வந்தார், முகம் கழுவினார், சாப்பிட்டார், அன்றைக்கு ஒரே கூட்டம், கால் வலிக்கிறது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சட்டை ஆணியில் தொங்கியது. பாக்கெட்டில் சீட்டு இல்லை.

புதன்கிழமை மத்தியானமே அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஜன்னல் ஓரமாக மேஜையைத் தள்ளிப் போட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கோத்தார். சதுர முதுகு வைத்த ஒரு நாற்காலியும் வாங்கி வந்திருந்தார். திரையில் வெளிச்சம் வந்ததும் எழுந்து நின்று, அக்காவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "உனக்குப் பத்து வருஷத்துக்குக் கவலை கிடையாது" என்றார்.

அக்கா அடுப்படிக்குப் போய் அழுதிருக்கிறாள். எனக்குப் போன் செய்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"படிச்சுட்டாருடி. ஒரு வருஷம் போதும்னு எழுதினேன், பத்து வருஷத்துக்கு வாங்கிட்டு வந்திருக்காரு. நான் போறதை அவர் ஒத்துக்கலை. இதுக்கு மேல நான் என்ன பேசறது, சொல்லு."

"பைத்தியமா உனக்கு? உக்கார முடியாதவளை நாற்காலியில உக்கார வெச்சிருக்காரு. நான் லேப்டாப் வாங்கித் தர்றேன்."

"வாங்கிட்டு வந்தேன்னா உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அறிக்கையை முடிக்க என்று அக்கா பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு போட்டிருந்தாள். அத்தான் கடைக்குப் போனதும் உட்காருவாள். பத்து நிமிஷம் அடிப்பாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் அரை மணி படுத்திருப்பாள். மறுபடி ஏறி உட்காருவாள். அவர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். "எத்தனை பக்கம் ஆச்சு?" என்பார். "முப்பத்திநாலு" என்பாள். "பாத்தியா, பெரிய திரைன்னா வேலை ஓடும்" என்பார். ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று ஒருநாள் கேட்டதற்கு, பரீட்சை என்றால் அப்படித்தான் என்றாள். அவரும் தலையாட்டினார். அன்று ராத்திரி, "எவ்வளவு நல்லா நடிக்கிறாரு பாத்தியா?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன்.

அறுபத்தோராவது பக்கத்தில் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னார். அத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா, எத்தனை நாளாகத் தெரியும், ஒன்றுமே கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்காததே எனக்கு அத்தாட்சி ஆகிவிட்டது, இவருக்கு முன்னாலேயே தெரியும் என்று. சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு ஒரு லேப்டாப்போடு வந்தார். கடையிலேயே எடை குறைவானது. அக்காவின் மடியில் வைத்தார். அவள் அதன்மேல் கையை வைத்து, "ரொம்ப லேசா இருக்கே" என்றாள். விரல்கள் எழுத்துகளைத் தேடிப் பிடிக்கவில்லை. பத்தொன்பது நாளில் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நான் அவர் முன்னால் போய் நின்றேன். "கடைசியில வாங்கிட்டு வந்தீங்களே, அதை மொதல்லயே வாங்கித் தர என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டேன். நாக்கில் நரம்பில்லாமல் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

போன மாதம் அவரே கூப்பிட்டார். "ஒரு தடவை வந்துட்டுப் போறியாம்மா?" குரல் சரியில்லை. போனேன்.

மேஜைமேல், கடையிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் பிரித்துப்போட்ட ஒரு கட்டு. பழைய ஆள் ஒருத்தர் லேப்டாப்போடு திரும்பி வந்தாராம், அந்த ஆள் வாங்கிய மாதத்துக் கட்டைப் பிரித்து அத்தான் சீட்டைத் தேடினாராம். ஒரு சீட்டை மட்டும் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார். அக்காவின் எழுத்து.

"இது எப்படிம்மா இதுக்குள்ள வந்துச்சு?"

சீட்டை இரண்டு தடவை படித்தேன். "நீங்க இதைப் படிக்கலையா அத்தான்?"

"முந்தாநாள்தான் படிச்சேன்."

உட்கார்ந்துவிட்டேன். அக்கா சீட்டு வைத்த அந்தத் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறக்கிற வாரமாம். கடையில் நிற்க இடமில்லையாம். எழுத எழுத, எழுதியதைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டே இருந்தாராம். சாயங்காலம் மொத்தமாக அள்ளி டப்பாவில் போட்டிருக்கிறார். "நான் எழுதினதை நானே எதுக்கும்மா எடுத்துப் படிக்கப் போறேன்?" என்றார். நோயை அவள் தன்னிடம் மறைத்தது, தன்னிடம் சொல்ல அவளுக்கு மனசில்லாததால்தான் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதைப் பற்றி யாரிடமும் கேட்கவும் அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

இரண்டு வருஷமாக நான் ஊட்டி வளர்த்த கோபத்துக்குக் காலும் இல்லை, தலையும் இல்லை. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நான் படிச்சுட்டேன்னு நினைச்சாளா?" என்று கேட்டார். "படிச்சுட்டும் அந்த நாற்காலியில உக்கார வெச்சேன்னு நினைச்சுக்கிட்டேவா போனா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒருமுறை வாயை மூடி வைத்திருந்து பட்டது போதும்.

"ஆமா அத்தான். படிச்சுட்டீங்கன்னுதான் நினைச்சா. படிச்சுட்டு, என்னை விட மனசில்லாம பத்து வருஷத்துக்கு வாங்கிட்டு வந்திருக்காருன்னு சொன்னா. எங்கிட்ட பெருமைப்பட்டுக்கிட்டா. அதுக்காகத்தான் அதுல உக்காந்தா."

அவர் மெதுவாக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கம்ப்யூட்டரைப் போட்டு அவளுடைய அறிக்கையைத் திறந்தார். தினமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பாராம். மாதம் ஒருமுறை கழற்றித் தூசி தட்டுவாராம். திரையில் அக்காவின் அறுபத்தோராவது பக்கம் வந்து நின்றது, ஒரு வரி பாதியில் இருந்தது. அத்தான் பெட்டியின்மேல் கையை வைத்து, உள்ளே ஓடுகிற விசிறியின் சத்தத்தைக் கேட்டார்.

"இதுக்கு ஒண்ணும் ஆகலைம்மா" என்றார். "இன்னும் எட்டு வருஷம் ஓடும்."