கொப்பியில் மட்டும் மாற்றிய ஒயில்

எங்கள் வீடு ஜெர்மனியில் ஹனோவர் நகருக்கு வெளியே, ஒரு நீண்ட பாதையின் முடிவில் இருக்கிறது. பனி கொட்டினால், பழைய புல்வெட்டும் டிராக்டருக்கு முன்னால் பனி தள்ளும் தகடு பூட்டி நான்தான் அந்தப் பாதையைத் துப்புரவாக்குவேன். டிராக்டருக்குச் செய்யும் ஒவ்வொரு பராமரிப்பு வேலையையும் திகதியோடு கொப்பியில் எழுதிவைப்பது என் வழக்கம்.

போன டிசம்பரில் ஒரு காலை, அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி, ஒரு சாண் உயரம். மேல்மாடியில் குடியிருக்கும் செல்வி அக்காவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு. ஏழு மணிக்கு டாக்சி வரும். நான் டிராக்டர் சாவியைத் திருகப் போனபோது, பையோடு வந்து நின்ற அக்கா எஞ்சின் ஒயில் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தார். அவர் முன்பு வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

“தம்பி, இது காய்ஞ்சு கிடக்கு.”

“இருக்காது அக்கா. ஒக்டோபரிலேயே மாத்தினனான். கொப்பியில கிடக்கு.”

“கொப்பிக்கு மாத்தினனீர். எஞ்சினுக்கு மாத்தேல்லப் போல.”

எரிச்சலோடு திரும்பினேன். புது ஒயில் கலன் மூடி திறக்காமல் சுவர்த் தட்டில் இருந்தது. ஒக்டோபரில் பழைய ஒயிலை வடித்ததுமே, புதியதையும் ஊற்றியதாகக் கொப்பியில் சரி போட்டுவிட்டு, தொலைபேசி அடித்ததால் உள்ளே போயிருந்தேன். சாவியைத் திருகியிருந்தால் எஞ்சின் பாதி வழியில் இறுகியிருக்கும். டாக்சி தெருவோடு நின்றிருக்கும்.

ஒயிலை ஊற்றி, பாதையைத் துப்புரவாக்கினேன். டாக்சி வாசலுக்கே வந்தபோதுதான் மூச்சு வந்தது. ஏறும்போது அக்கா கேட்டார்: “நான் சுகமாத் திரும்பி வந்திட்டன் எண்டும் எழுதிப்போட்டீரோ?”

இல்லை. மதியம் அவர் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுதினேன்.