முருகையன் வாசலில் நின்ற அம்பாசிடர்

முருகையனின் அப்பா காத்தான், சீர்காழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மிராசுதார் பஞ்சநதத்திடம் பண்ணையாளாக இருந்து செத்தவர். முருகையன் வயலில் இறங்கவில்லை. பதினாறு வயதில் மாயவரத்து லாரிப் பட்டறை ஒன்றில் சேர்ந்து, லாரியைத் தாங்கும் இரும்பு வில்பட்டை கட்டுவதில் கை தேர்ந்தான். குடியிருப்பு மட்டும் பஞ்சநதத்தின் மனையில் அப்பா போட்ட கூரை வீட்டில்தான்.

குடியிருக்கும் மனை அதில் வசிக்கும் தொழிலாளிக்கே என்று எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. முருகையன் மனுப் போட்டான், பண்ணையாட்கள் தெருவில் மற்றவர்களும் போட்டார்கள். பஞ்சநதம் எல்லாவற்றுக்கும் எதிர்மனு போட்டார். முருகையன் வீடு தம்முடைய மாட்டுக் கொட்டகை, அங்கே யாரும் குடியில்லை என்றது அவன் மனுவுக்கான பதில். விசாரணை மூன்று முறை தள்ளிப்போனது. இடையில் கூலித் தகராறில் ஒரு போகம் அறுப்பு நின்று, பண்ணைக்கும் தெருவுக்கும் பேச்சு அற்றுப்போயிற்று.

எழுபத்து மூன்று கார்த்திகையில் மறுபடி தேதி போட்டார்கள். பிற்பகல் மூன்று மணி, சீர்காழி. முருகையன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தான். காலை எட்டரைக்கு வாசலை ஒட்டிய வாய்க்கால் சாலையில் பெரிய சத்தம் கேட்டது. வக்கீலைப் பார்க்கக் கிளம்பிய பஞ்சநதத்தின் அம்பாசிடர் பள்ளத்தில் விழுந்து, பின்பக்கம் ஒருபுறம் சாய்ந்து நின்றது. ஓட்டி வந்தவரும் அவரே. முருகையன் குனிந்து பார்த்தான். பின்சக்கர வில்பட்டையின் மெயின் பட்டை இரண்டாக முறிந்திருந்தது.

"ஓட்ட முடியாதுங்க. இங்கயே மாத்துனாத்தான் உண்டு," என்றான்.

பஸ் ஏற அவருடைய முழங்கால் இடம் கொடுக்காது. சரியென்று தலையாட்டினார்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிப்போட்ட அம்பாசிடர் பட்டை ஒன்று முருகையனிடம் இருந்தது. நாலு பேர் சேர்ந்து வண்டியை வாசலுக்குத் தள்ளினார்கள். அதில் ஒருவன் செல்லதுரை, அதே தெருவில் மனுப் போட்டிருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். வீட்டைப் பிடுங்கப் போகிறவருக்கு வண்டி சரிசெய்து கொடுக்கிறாயா என்று காதோரம் கேட்டான்.

"அவரு வரலேன்னா திரும்ப வாய்தா போட்டுருவாங்க. நாலாவது வாய்தா," என்றான் முருகையன்.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து ஜாக்கியைப் போட்டான். வண்டி எழுவதற்குப் பதிலாக ஜாக்கி ஈரக் களிமண்ணில் இறங்கியது. செங்கல் வைத்தான், அதுவும் புதைந்தது. பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி அம்சம், "கதவக் கழட்டிப் போடுங்க," என்றாள். அவளே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தாள். பனம்பலகைக் கதவின் மேல் ஜாக்கி நின்றது.

பஞ்சநதம் உரல்மேல் உட்கார்ந்திருந்தார். கதவில்லாத வாசல் அவருக்கு நேர் எதிரே. உள்ளே உலை கொதித்தது. தூளியில் குழந்தை புரண்டது. கொடியில் துணி, சுவரில் காத்தான் மாடோட்டிய பழைய தார்க்குச்சி. அவர் சாலையைப் பார்ப்பார். பிறகு கண் திரும்பவும் அங்கேதான் வரும். அம்சம் கொடுத்த தண்ணீரை முதலில் வேண்டாமென்றார். பதினோரு மணிக்குக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வில்பட்டையை வண்டியோடு பிணைத்த ஆணி ஒன்று துருப்பிடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி அடித்தும் ஒரு மணி நேரம் அசையவில்லை. அது வந்ததும் வில்பட்டை அடுக்கைக் கீழே இறக்கி, முறிந்ததை எடுத்துவிட்டு மாற்றுப் பட்டையை அடுக்கினான். அவன் கிளாம்பு போட்டு இறுக்க, நடு போல்ட்டை அம்சம் செருகி நட்டைத் திருகினாள். வண்டி இறங்கி நேராக நின்றபோது மணி ஒன்றே முக்கால்.

"நீயும் அங்கதானே வரணும். ஏறு," என்றார் பஞ்சநதம். முருகையன் கை கழுவாமலே ஏறிக்கொண்டான்.

விசாரணையில் பஞ்சநதத்தின் வக்கீல் மாட்டுக் கொட்டகை என்று ஆரம்பித்தார். அதிகாரி பஞ்சநதத்தைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார்.

"இல்லீங்க. குடியிருக்கான். காலையில அங்கதான் உக்காந்திருந்தேன்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.  முருகையன் தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது கிரீஸ் ஒட்டிக் காகிதம் கறையானது.

அடுத்த ஆனியில் அவனுக்குப் பட்டா வந்தது. தெருவின் மற்ற பதினொரு மனைகளுக்குப் போட்ட எதிர்மனுக்களைப் பஞ்சநதம் வாபஸ் வாங்கவில்லை. செல்லதுரையின் வழக்கு எழுபத்தெட்டு வரை இழுத்தது. ஒவ்வொரு விசாரணைக்கும் முருகையன் லீவு போட்டுச் சாட்சிக்குப் போனான். இருந்தாலும் செல்லதுரை அவனோடு பழையபடி பழகவில்லை. முருகையன் அதைப் பற்றி அம்சத்திடம் ஒரே ஒரு முறைதான் பேசினான்: "என் வீட்டுக்காக மட்டும் வண்டியச் சரிபண்ணிக் கொடுத்தேன்னு நெனைக்கிறான்."