மருந்து கொட்டாத தண்ணீர்

கள்ளக்குறிச்சியில் புதிதாகக் குடிவந்த வீட்டில் இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர்க் கிணறு இருந்த, இப்போது தார்ச்சாலை ஓடுகிற இடத்துக்கு அது என்னை இழுத்துப் போய்விட்டது. அங்கே அது நடந்த தேதி என்னிடம் இல்லை. மாசி கடைசி வெள்ளி என்பது மட்டும் உறுதி.

ஊரில் வாந்திபேதி வந்தால் பஞ்சாயத்து ஆள் வாளியில் பவுடரைக் கரைத்துக் கிணற்றில் கொட்டுவார். அவருடைய சைக்கிள் மணி கேட்டதும், படிகளில் பாசி வழுக்க, குடத்தோடு குடம் மோத, பெண்கள் அவரை முந்திக்கொண்டு இறங்குவார்கள், ஏனென்றால் மருந்து விழுந்த தண்ணீர்தான் கெட்டது என்று ஊரே நம்பியது.

“அவுரு கொட்றதுக்குள்ள மொண்டுக்கினு வாங்கடி, அந்த நாத்தத்த எவ குடிப்பா?”

“ஒம் புருசன் பீடி நாத்தத்துக்கு அது தேவலாம்டி!”

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவும் இரண்டு குடம் மொண்டு வந்து மூடி வைத்தாள். தங்கைக்கு அதிலிருந்துதான் கொடுத்தாள்.

திங்கள் காலை பள்ளியில் டீச்சர், மருந்து போடாத தண்ணீரில்தான் நோய் இருக்கிறது என்றார். மதியம் நான் வீடு திரும்பியபோது, கண்கள் குழி விழுந்து கிடந்த தங்கையை அப்பா தோளில் போட்டுக்கொண்டு சங்கராபுரம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

அம்மா அதே குடத்தில் மொண்டு என்னிடம் லோட்டாவை நீட்டினாள்.

“நீயாவது நல்ல தண்ணி குடிம்மா.”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். தங்கைக்கு அவள் கொடுத்தது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கி, முழுவதையும் குடித்தேன்.